குழந்தைகளின் ரத்தப் புற்று: மரபணு பற்றிக் கேட்டவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ்ப் பெற்றோரும் உறவினரும் கேட்டவை இவை. குரோமோசோம் ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வர்த், ஒரு தாய்: நான்கு வயது மகனின் அறிக்கையில் "12, 21 இடமாற்றம்" என்றிருக்கிறது. நான் கர்ப்பக் காலத்தில் ஏதாவது தவறு செய்தேனா?

இல்லை, அம்மா. அந்த இரு குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொண்டதில் இடிவி6, ரன்எக்ஸ்1 என்னும் மரபணுக்கள் ஒட்டிக்கொண்டன. குழந்தைகளிடம் அதிகம் காணும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுதான். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். பிறந்தவுடன் குதிகாலில் குத்திக் காகிதத்தில் காயவைத்த ரத்தத்துளியைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். நோய் வந்த பல குழந்தைகளின் துளியில் அந்த ஒட்டு அன்றைக்கே இருந்தது. ஆனால் ஒட்டோடு பிறப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. பிறந்த பின் வேறு மரபணுப் பழுதும் சேர வேண்டும். எதைச் சாப்பிட்டோம் என்று தேடித் தேடி நோகாதீர்கள்.

பீனிக்ஸ், ஒரு பெரியப்பா: தம்பி பிள்ளைக்கு இந்த நோய், அவன் மாமன் மகளைக் கட்டியதால் வந்ததுதானே?

இல்லை. மாற்றம் குழந்தையின் ரத்த அணுவில் மட்டும் நேர்ந்தது.

டொங்காட், ஒரு பாட்டி: எங்கள் பரம்பரையில் இருக்குமோ?

மேலே பார்க்கவும்.

பீனிக்ஸ் பெரியப்பா மீண்டும்: டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு அதிகம் வருகிறதே, அது பிறவியில்லையா?

நியாயமான மறுப்பு, ஐயா. 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருந்தால் ஆபத்து பல மடங்கு. ஆனால் அதற்கும் உறவுத் திருமணம் காரணமல்ல. புற்றணுவின் குரோமோசோம் எண்ணிக்கை இயல்பான 46இலிருந்து 40க்கும் கீழே இறங்கிய அரிய வகையில், புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் பழுது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். அப்போது குடும்பத்தையும் சோதிப்பார்கள். அதற்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த பழுதான ஒரு பிரதியே போதும். ஃபான்கோனி ரத்தசோகை போன்ற சில அரிய நோய்களில் மட்டும் உறவுமுறைக்குப் பங்குண்டு. உங்கள் வீட்டு அறிக்கையில் இவை எதுவும் இல்லை. தம்பி மனைவி மேல் பழி போடாதீர்கள்.

வெருலம், ஒருவர்: அறிக்கையில் 9, 22 இடமாற்றம் என்றிருக்கிறது. சிகிச்சை என்ன?

கீமோவோடு, புற்றணுவைக் குறிவைக்கும் இமாட்டினிப் போன்ற மாத்திரை சேரும். மருத்துவரிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வர்த், இன்னொருவர்: மெர்காப்டோபூரின் என்னும் கீமோ மருந்து தொடங்கியதும் வெள்ளணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது! இந்த மருந்தின் வேகத்தைத் தணிக்கும் என்யுடிடி15 மரபணுவைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். ஐரோப்பியரிடம் அதே போன்ற டிபிஎம்டி மரபணுவின் மாறுபாட்டையே முதலில் தேடுவார்கள். ஆசிய வம்சாவளியில் என்யுடிடி15 மாறுபாடு அதிகம். 1860 முதல் மதராஸிலிருந்து கப்பலேறிய முன்னோர்களோடு அதுவும் டர்பன் உள்ள நேட்டாலுக்கு வந்திருக்கும். மாறுபாடு இருந்தால் அளவைக் குறைப்பார்கள். தட்டணுவை ஏற்றப் பப்பாளி இலைச் சாறும் கொடுக்காதீர்கள்.

முதல் தாய்: சின்னவனையும் சோதிக்க வேண்டுமா?

ஒருகரு இரட்டையர் என்றால் கட்டாயம்; கருவறையில் ஒரே நஞ்சுக்கொடி வழியாக அந்த அணுக்கள் மற்றவனுக்கும் போயிருக்கலாம். உங்கள் சின்னவன் இரண்டு ஆண்டு இளையவன். வேண்டாம் அம்மா, அவன் விளையாடட்டும்.