டி டிரைவில் அப்பாவின் படங்கள்: ‘க்ளீன்’ அடிக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். லேப்டாப்பை செகண்ட் ஹேண்டாக வாங்கியவர். இன்டெல் 8ஆம் தலைமுறை, 512 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பள்ளி விடுமுறையில் பென்டிரைவ் தயார் செய்து விண்டோஸ் 11 ஏற்ற உட்கார்ந்திருக்கிறார். சி டிரைவ் இருந்த பகுதியை அழித்தாயிற்று. காலி இடத்தைத் தேர்ந்தெடுத்தால், ‘இந்த டிஸ்க்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில் மட்டுமே விண்டோஸை நிறுவ முடியும்’ என்று திரை மறுக்கிறது. “டிஸ்க்பார்ட்ல க்ளீன் அடிங்க அத்தை, அஞ்சு நிமிஷ வேலை” என்கிறானாம் அண்ணன் மகன். டி-யில் பாடத்திட்டங்களும், காலமான அப்பாவின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்ததும் இருக்கின்றன. டி போகாமல் வழி உண்டா என்பது கேள்வி.

டீச்சர், அண்ணன் மகன் சொன்னதை உடனே செய்யாமல் கேட்டீர்களே, நல்லது. டிஸ்க்பார்ட் என்பது கட்டளைகளைத் தட்டி டிஸ்க்கைப் பிரிக்கவும் அழிக்கவும் விண்டோஸில் உள்ள கருவி. அவன் சொன்ன கட்டளை சரிதான். ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. க்ளீன் கட்டளைக்கு சி, டி என்ற பேதமெல்லாம் தெரியாது. டிஸ்க் முழுவதையும் வெறுமையாகக் காட்டிவிடும். ‘நிச்சயமா?’ என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது.

உங்கள் டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை. வீட்டு நிலத்துக்குக் கிராண்ட் என்ற உரிமைப் பத்திரம் இருப்பதுபோல, எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் முகப்பில் ஓர் அட்டவணை இருக்கும். எம்பிஆர் என்பது 1983-இல் டாஸ் 2.0 காலத்தில் வந்த பழைய பாணி. நான்கு முதன்மைப் பகுதிகள், 2 டிபி வரை என்பது அதன் எல்லை. ஜிபிடி புதியது. யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் கிளம்பும் கணினியில் விண்டோஸ் ஜிபிடியைத்தான் கேட்கும். உங்களுக்கு முன் இதை வைத்திருந்தவர் யாரோ பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருக்கிறார். நீங்கள் யூஇஎஃப்ஐ முறையில் பென்டிரைவைக் கிளப்பியிருக்கிறீர்கள். இரண்டும் முட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

சி-யை அழிப்பதற்கு முன் எழுதியிருந்தால், எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியைச் சொல்லியிருப்பேன். விண்டோஸுடனேயே வருவது, கோப்புகளைத் தொடாமல் அட்டவணையை மட்டும் மாற்றும். ஆனால் அந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருக்க வேண்டும், முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. விண்டோஸ் 10 பென்டிரைவைச் செருகி, கணினி கிளம்பும்போது வரும் பூட் மெனுவில் ‘யூஇஎஃப்ஐ’ என்று முன்னால் போடாத பென்டிரைவ் வரியைத் தேர்ந்தால் டி-யைத் தொடாமல் விண்டோஸ் 10 ஏறக்கூடும். ஆதரவு முடிந்ததை மறுபடி ஏற்றி என்ன பயன்? விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ வேண்டும்.

ஆகவே, முதலில் டி-யை வெளியே எடுத்துவிடுவோம். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகுங்கள். நிறுவல் திரையிலேயே ஷிஃப்ட் விசையோடு எஃப்10 அழுத்தினால் கறுப்புத் திரை வரும். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆமாம், அதே சாதாரண நோட்பேட்தான். ஃபைல், ஓப்பன் போய், கீழே ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் அந்தச் சின்னப் பெட்டியே உங்களுக்குக் கோப்பு மேலாளர். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி, ஹார்ட் டிஸ்க்கில் போய்ப் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராமல் பெட்டி உறைந்ததுபோல் நிற்கலாம். பதறி மூடிவிடாதீர்கள், போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். இங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும், உங்கள் டி இப்போது சி என்றுகூடத் தெரியலாம். உள்ளே இருப்பதைப் பார்த்து அடையாளம் காணுங்கள். முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள்.

அப்புறம் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மேசையை விட்டே தள்ளி வையுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் கடை போட்ட புதிதில், கழற்றாமல் வேலை பார்த்து, டிஸ்க்பார்ட் காட்டும் டிஸ்க் எண் மாறி, என் தங்கையின் கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்க்கையே க்ளீன் செய்தவன் நான். பாதிதான் மீண்டது.

இப்போது சார்ஜர் செருகியிருக்கட்டும். கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட் (diskpart), பிறகு லிஸ்ட் டிஸ்க் (list disk) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இரண்டு வரிகள் வரும். எண்ணை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள்: 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்று காட்டும், 32 ஜிபி பென்டிரைவ் 28 அல்லது 29. கடைசியில் ‘ஜிபிடி’ என்ற பத்தியில் 476-க்கு நேரே நட்சத்திரக் குறி இருக்காது. அதுதான் எம்பிஆர் என்பதற்குச் சாட்சி. 476-இன் எண் பூஜ்யம் என்றால் செலக்ட் டிஸ்க் 0 அடித்துவிட்டு, லிஸ்ட் டிஸ்க்கை இன்னொரு முறை கேளுங்கள். இந்தத் தடவை வரியின் இடது ஓரத்தில் ஒரு நட்சத்திரம் வந்திருக்கும். அது 476-இன் பக்கத்தில்தான் இருக்கிறதா? சரி, இப்போது க்ளீன். அடுத்து கன்வெர்ட் ஜிபிடி. இரண்டு முறை எக்ஸிட்.

நிறுவல் திரைக்குத் திரும்பி ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினால் முழு டிஸ்க்கும் ஒரே காலி இடமாகத் தெரியும். நீங்களாகப் பகுதி பிரிக்க வேண்டாம். அதைத் தேர்ந்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் போதும். பூட்டுக்கான 100 எம்பி-யும் இன்னொரு 16 எம்பி துணுக்கும் விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னாளில் அவற்றை அழித்துவிட்டு, லேப்டாப்பே எழவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவிலிருந்து மறுபடி கிளம்பினால் நிறுவல் முதலிலிருந்து தொடங்கும். அப்போது அதை உருவிவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தியதும் என்றால், டிஸ்க்கே பட்டியலில் வராமல் போவதுண்டு. அது பகுதி அட்டவணைப் பிரச்சினை அல்ல. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ வழியாகக் காட்ட வேண்டும். ஏற்கெனவே க்ளீன் அடித்துவிட்டவர்கள் அதற்கு மேல் எதையும் நிறுவாமல் நிறுத்துங்கள். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருளால் பழைய அட்டவணையை மீட்க வாய்ப்புண்டு. ஃபார்மட்டும் ஆகிவிட்டால் எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடும்.

புதிய விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்படலாம் டீச்சர். அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி உங்கள் கணக்கில் இருக்கும். அன்றைக்கே அதை ஒரு தாளில் எழுதி, வீட்டு கிராண்ட் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.