உறைநிலம் படிக்கப் போகும் மகளும் வேலை பற்றிய பயமும்

அன்புள்ள அக்கா,

இந்தக் கோடையில், வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் உறைநிலத்தைப் பற்றிய ஆய்வுக்கு உதவியாளராக, கனடாவின் வடகோடியில் உள்ள இனுவிக் ஊர்ப் பக்கம் போகப்போகிறேன் என்று மகள் சொன்னதிலிருந்து நித்திரையில்லை என்று எழுதியிருந்தீர்கள். குளிர், கரடி, பிறகு வேலை என்று மூன்று பயம். முதல் இரண்டையும் கெதியாக முடிக்கிறேன்.

கரையோர ஆய்வு பெரும்பாலும் ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் இடையில்தான். அந்த மாதங்களில் குளிரைவிட நுளம்புதான் கரைச்சல். கரடி உண்மையான ஆபத்து. அதனால்தான் காவலுக்கு அந்த மண்ணை அறிந்த இனுவியலுயிட் பழங்குடி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். முகாமில் எத்தனை பேர், சாட்டிலைட் தொலைபேசி இருக்கா, முதலுதவிப் பயிற்சி எப்போது என்று பேராசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கோ. ஒழுங்கான குழு என்றால் உடனே பதில் வரும்.

"மண்ணைக் குத்திப் பார்க்கவா நாலு வருஷம் படிப்பு?" என்று கேட்டிருந்தீர்கள். குத்தத்தான் வேணும்! நீளமான இரும்புக் கம்பியைப் பாசிக்குள்ளால் இறக்கினால், உறைந்த மண்ணில் 'டக்' என்று முட்டும். அந்த ஆழத்தைக் குறித்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போகவேணும். 100 மீற்றர் சதுரத்தில் பத்து மீற்றருக்கு ஒன்றாகக் குத்தினால் 121 புள்ளி. அதே இடத்தில் வருடாவருடம் அளந்தால்தான் கோடையில் நிலம் எவ்வளவு ஆழத்துக்கு உருகுகிறது என்று சொல்லலாம்.

அந்தக் கணக்கில் ஊர்களின் பிழைப்பு இருக்கிறது. கடலில் உறையும் பனிக்கட்டி முன்னரைவிட நீண்ட காலம் விலகி நிற்பதால் அலை கரையின் அடியைக் குடைகிறது. மேலே உள்ள உறைநிலம் பாளம் பாளமாகச் சரிகிறது. இனுவிக்குக்கு வடக்கே கடலோர ஊரான துக்டோயக்டக்கில் கரையோரத்து வீடுகள் சிலவற்றை 2020இல் உள்ளே நகர்த்தவேண்டி வந்தது. 2017இல் திறந்த இனுவிக்–துக்டோயக்டக் வீதி 138 கிலோமீற்றர். அதற்கு நிலத்தை வெட்டவில்லை, அடிமண் உருகாமலிருக்க மேலே மண் கொட்டி உயர்த்தினார்கள்.

வேலையும் இங்கேதான் இருக்கிறது: வீதி, ஓடுபாதை, சுரங்கம் கட்டுகிறவர்களுக்கு மண்ணின் உறுதி பற்றி ஆலோசனை சொல்லும் ஜியோடெக்னிக்கல் நிறுவனங்கள், பிரதேச அரசுகள், கனடா நிலவியல் ஆய்வகம். பேராசிரியர் பதவியை மட்டும் நம்பி இறங்கச் சொல்லமாட்டேன், அந்த வரிசை நீளம்.

நான் உண்மையில் கவலைப்படுவது பாடத் தெரிவைப் பற்றி. ஒன்ராறியோவில் 'பி.ஜியோ' என்ற தொழில்முறை நிலவியலாளர் பதிவு இருந்தால்தான் பல அறிக்கைகளில் கையெழுத்து வைக்கலாம். அதற்குக் குறிப்பிட்ட அறிவியல் பாடங்களும் பிறகு நாலு வருட வேலை அனுபவமும் வேணும். வெறும் ஜியோகிரபிப் பட்டத்தோடு வெளியே வந்து, கால்குலஸும் பௌதிகமும் காணாமல் திரும்பப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. ஜிஐஎஸ் என்ற கணினி வரைபட முறையும் பைதன் என்ற நிரல்மொழியும் தெரிந்தால், கரடி இல்லாத வேலையும் கிடைக்கும்.

முதுகலைக்குக் கார்ல்டன், ஒட்டாவா, லவால் பல்கலைக்கழகங்கள் மூன்றையும் பார்க்கலாம். வடக்குப் பயணச் செலவுக்கு, வடபுல அறிவியல் பயிற்சித் திட்டத்தில் மாணவர்களுக்கு உதவிப்பணம் இருக்கிறது; பேராசிரியர் ஊடாகக் கேட்கட்டும்.

இப்போதைக்குப் போகவிடுங்கோ. ஒரு கோடை அங்கே நின்றால் பிடிக்குதா இல்லையா என்று அவளுக்கே தெரிந்துவிடும். அதற்கிடையில் இரண்டாம் வருடப் பாடப் பட்டியலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கோ, பதிவு முடிகிற திகதிக்கு முன்னம்.