கோல்ஃப் டிரைவர் ஷாஃப்டை ஒரு அங்குலம் வெட்டினால் கையின் உணர்வும் தூரமும் எப்படி மாறும்?

உங்கள் 45.5 அங்குல டிரைவர் (கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அடிக்கும் நீண்ட மட்டை) கைக்கு அடங்கவில்லை, அதன் ஷாஃப்டை, அதாவது தண்டை, ஒரு அங்குலம் வெட்டலாமா, வெட்டினால் தூரம் போய்விடுமா, ஷாஃப்டின் விறைப்பு மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைப் போல நடுத்தர உயரம் உள்ளவர், பந்து மட்டை முகத்தின் நடுவில் படாமல் ஓரங்களில் பட்டுக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தாராளமாக வெட்டலாம். ஆனால் வெட்டுவது பாதி வேலைதான். வெட்டியதால் கைக்குத் தெரியாமல் போகும் தலையின் பாரத்தை மீண்டும் கொண்டுவருவது மறுபாதி. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "ஷாஃப்டை வெட்டினேன், மட்டையே பாழாகிவிட்டது" என்று சொல்பவர்களைக் கேட்டுக் கேட்டு மனம் பொறுக்காமல்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். நான் வாங்கிய டிரைவர் 45.75 அங்குலம். அதை 44.75 ஆகக் குறைக்கச் சென்னையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். வெட்டிய பிறகு ஸ்விங் வெயிட்டையும் (வீசும்போது தலைப் பக்கம் கைக்குத் தெரியும் பாரம்) பார்த்துச் சரிசெய்து கொடுங்கள் என்று தெளிவாகக் கேட்டேன். "ஒரு இன்ச்சுக்கெல்லாம் அது தேவையில்லை சார், நாலு ரவுண்டு ஆடினால் பழகிவிடும்" என்றார்கள். கையில் வாங்கி வீசிப் பார்த்தபோது தலை கழன்று விழுந்த துடைப்பக் கட்டையை வீசுவது போல இருந்தது. பின்வீச்சின் உச்சியில் மட்டையின் தலை எங்கே நிற்கிறது என்பதே கைக்குத் தெரியவில்லை. அது தெரியாதபோது கைகள் தாமாகவே அவசரப்படும், இறங்கும் வீச்சின் தாளம் குலைந்துவிடும். உடன் ஆடும் நண்பர்களோ, கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்த நீளத்தில் கைவைத்ததற்கு இதுதான் பலன் என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் செய்யாமல் விட்ட வேலைக்கு, வெட்டுவது என்ற யோசனையே குற்றவாளி ஆகிவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

நடந்தது என்ன என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. ஸ்விங் வெயிட் என்பது மட்டையின் மொத்த எடை அன்று. கிரிப்பின், அதாவது கைப்பிடியின், மேல்நுனியிலிருந்து 14 அங்குலம் தள்ளி ஒரு தாங்குபுள்ளியில் மட்டையை வைத்தால், தலைப் பக்கம் எவ்வளவு பாரமாகச் சாய்கிறது என்பதன் அளவு அது. ஏ-யிலிருந்து ஜி வரை எழுத்தும், ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் 0 முதல் 9 வரை எண்ணும் கொண்டு அதைக் குறிப்பார்கள். கிரிப் பக்கம் ஓர் அங்குலம் வெட்டும்போது, அந்தத் தாங்குபுள்ளியும் ஓர் அங்குலம் தலையை நோக்கி நகர்கிறது. தலையின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் அது கையை இழுக்கும் நெம்புகோலின் நீளம் குறைந்துவிட்டது. அரை அங்குலத்துக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி, ஓர் அங்குலத்துக்கு ஆறு புள்ளி என்பது மட்டை கட்டுபவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. என் டிரைவர் டி3-இல் இருந்தது. தெரிந்தவர் ஒருவரின் தராசில் வைத்துப் பார்த்தபோது சி7-இல் நின்றது. அதாவது கை சொன்னதும் தராசு சொன்னதும் ஒன்றேதான்.

அதைச் சரிசெய்வது கடினமன்று. டிரைவர் தலையில் இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும், ஆகவே ஓர் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் வேண்டும். இன்றைய டிரைவர்கள் பலவற்றில் அடிப்பாகத்தில் கழற்றி மாட்டும் எடைத் திருகு இருக்கிறது, அதையே கனமானதாக மாற்றிவிடலாம். என்னுடையதில் அந்த வசதி இல்லாததால், ஒட்டும் ஈயப் பட்டையைச் சமையலறைத் தராசில் நிறுத்து வெட்டி, அடிப்பாகத்தின் பின்புறம் நடுவில் ஒட்டினேன். குதிகால் பக்கமோ (தலையில் ஷாஃப்ட் சேரும் பக்கம்) நுனிப் பக்கமோ (அதற்கு எதிர்ப்பக்கம்) ஒட்டினால் பந்தின் வளைவும் மாறக்கூடும் என்பதால் நடுவே பாதுகாப்பானது. முழு ஆறு புள்ளியையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொஞ்சம் ஒட்டி, வீசிப் பார்த்து, தலை இருக்கும் இடம் கைக்குத் தெரிகிற புள்ளியில் நிறுத்திக்கொள்ளலாம். நான் டி1-இல் நிறுத்தினேன்.

பலன் தெரிய, காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை மட்டை முகத்தில் மெல்லியதாக அடித்துவிட்டுப் பயிற்சித் திடலில் ஆடினேன். பந்து பட்ட இடத்தில் வெள்ளைப் பூச்சு வட்டமாக உரிந்து வரும். வெட்டுவதற்கு முன் அந்த வட்டங்கள் குதிகாலிலிருந்து நுனிவரை சிதறிக் கிடந்தன. எடை சேர்த்த பிறகு நடுவை ஒட்டி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. என் நண்பர்களிடம் நான் வாதாடவில்லை, அந்த மட்டை முகத்தைத்தான் காட்டினேன்.

இனி தூரம். நீளம் குறைந்தால் தலையின் வேகம் சற்றுக் குறையும், அதை நான் மறுக்கவில்லை. 2021-இல் அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கெல்சன் தம் ஐம்பதாவது வயதில் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டியை வென்றபோது அவர் கையில் இருந்த டிரைவர் 47.9 அங்குலம். நீளத்தில் வேகம் இல்லை என்றால் அதை ஏன் எடுத்துக்கொள்கிறார்? விதிப்படி 48 அங்குலம் வரை அனுமதி இருந்தும், உயர்மட்டப் போட்டிகள் 46-க்குள் கட்டுப்படுத்திக்கொள்ள வழிசெய்யும் உள்விதி 2022-இல் வந்தது. ஆனால் அதே அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில்தான் 2017-இல் ரிக்கி ஃபௌலர் 43.5 அங்குலத்திலும் ஜிம்மி வாக்கர் 42 அங்குலத்திலும் டிரைவரை வைத்து ஆடினார்கள். நடுவில் படாத அடி இழக்கும் பந்து வேகம், ஓர் அங்குலம் தரும் வேகத்தைவிட எளிதாகக் கூடுதலாகிவிடும். தலையில் சேர்த்த எடையும் பந்துக்குப் போகும் வேகத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. ஒவ்வோர் அடியையும் நடுவிலேயே அடிப்பவருக்கு நான் சொல்வது பொருந்தாது, அவர் வெட்ட வேண்டியதும் இல்லை. ஊட்டி ஜிம்கானா மைதானத்தில் ஃபேர்வேக்கு (பந்து போக வேண்டிய, புல் வெட்டிய பாதை) இருபுறமும் முட்புதர் மண்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, பத்து கஜத்தைவிட நேர்கோடு எவ்வளவு பெரிது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஷாஃப்டின் விறைப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிரிப் பக்கம் வெட்டினால் விறைப்பு சிறிதளவே கூடும், தலையில் எடை சேர்த்தால் அது சற்று இளகும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். தலைப் பக்கத்து நுனியில் வெட்டினால்தான் விறைப்பு நன்றாகக் கூடும், ஆகையால் எந்தப் பக்கம் வெட்டப் போகிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஷாஃப்ட் கீழ்நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், வெட்டிய பிறகு அதே கிரிப் சிறிது மெலிந்ததாகத் தெரியும். கிரிப்புக்கு அடியில் ஒரு சுற்று டேப் கூடுதலாகச் சுற்றினால் போதும்.

அயர்ன்களையும் (உலோகத் தகடு போன்ற தலை கொண்ட, டிரைவரைவிடக் குட்டையான மட்டைகள்) வெட்டும் எண்ணம் இருந்தால் அங்கே விவகாரம் வேறு. அரை அங்குலம் குறைத்தால் மட்டையின் லை ஆங்கிள் (மட்டையைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் தரையோடு காட்டும் கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி தட்டையானது போல நடந்துகொள்ளும். தலையின் நுனி தரையில் குத்தும், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து வலப்புறம் போகும். அதனால் லை ஆங்கிளைச் சோதித்து வளைத்துத் தரக்கூடியவரிடம் மட்டுமே கொடுங்கள்.

நான் தொழில்முறை மட்டைக் கைவினைஞன் அல்லன், இயற்பியல் படித்தவனும் அல்லன். கருத்துரையில் யாராவது அதைக் கேட்பார்கள் என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தராசும் பவுடரும் படிப்பைக் கேட்பதில்லை. இதே அறியாமையால் அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. அப்பாவின் பழைய ஸ்டீல் ஷாஃப்ட் அயர்னைப் பாதியாக வெட்டிப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். அதன் தலை பெரியவர்களுக்கான எடையிலேயே இருக்கிறது, ஷாஃப்டோ அந்தப் பிள்ளையின் வேகத்துக்கு இரும்புக் கம்பியாக விறைத்துவிடுகிறது. மட்டையைத் தூக்கவே முழு உடம்பையும் வளைக்கும் அந்தப் பழக்கம் பிறகு எளிதில் போவதில்லை. பிள்ளைகளுக்கென்றே செய்த இலேசான மட்டைகளை முழுத் தொகுப்பாக வாங்க முடியாவிட்டால், ஒன்றிரண்டு மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் டிரைவருக்கு வருகிறேன். முதலில் நீளத்தைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். விதிப்படியான அளவு, மட்டையைக் கிடத்தி, அதன் அடிப்பாகத்தை 60 டிகிரி சாய்தளத்தில் பொருத்தி, அங்கிருந்து கிரிப்பின் மேல்நுனி வரை எடுப்பது. ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்திலிருந்து டேப்பை வைத்தால் அளவு தவறாகவே வரும். வெட்டுவதற்கு முன் சில நாள் கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து ஆடிப் பாருங்கள், ஆனால் அதே இலேசான உணர்வு அதிலும் வரும் என்பதால் தலையில் ஈயப் பட்டையை ஒட்டிக்கொண்டே சோதியுங்கள். பிடித்துவிட்டால் முதலில் அரை அங்குலம் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். கிராஃபைட் ஷாஃப்ட் என்றால் குழாய் வெட்டும் கருவியை அண்டவிடாதீர்கள், அது நார்களை நசுக்கிவிடும். வெட்டும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, நுண்பல் ரம்பத்தாலோ தேய்ப்புச் சக்கரத்தாலோ, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெட்ட வேண்டும். அதிகமாக வெட்டிவிட்டால் கிரிப் பக்கம் செருகி நீட்டும் துண்டுகள் கிடைக்கின்றன, ஆனால் அவை கைப் பக்கத்தில் எடையைக் கூட்டும், அப்போது ஸ்விங் வெயிட்டை மறுபடியும் அளக்க வேண்டியிருக்கும்.