சே ரி பாக்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், பெண்கள் கோல்ஃபில் கொரியாக்காரர்கள் கொடிகட்டிப் பறப்பதற்கு சே ரி பாக்தான் காரணம் என்கிறார்கள். மிகைதானே?

பதில்: பெரிய மிகை இல்லை. கு ஓக் ஹீ என்ற கொரிய வீராங்கனை 1988-லேயே எல்பிஜிஏ (அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை கோல்ஃப் அமைப்பு) போட்டி ஒன்றை ஜெயித்துவிட்டார். ஆனால் ஊரையே டிவி முன் உட்கார வைத்தது பாக். 1998-ல் அவருக்கு 20 வயது; கொரியாவில் பொருளாதார நெருக்கடி, வேலையிழப்பு. அந்த நேரத்தில் அவர் மே மாதம் எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் ஜூலையில் யு.எஸ். மகளிர் ஓப்பனையும் அடுத்தடுத்து வென்றார். அதை டிவியில் பார்த்துவிட்டு மட்டையைக் கையில் எடுத்த சிறுமிகளில் ஒருத்தி இன்பீ பாக். பத்தே வருடத்தில், 2008-ல், அதே யு.எஸ். மகளிர் ஓப்பன் கோப்பை இன்பீயின் கையில்.

கேள்வி: அண்ணா, ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தாராமே? அதற்கு அபராதம் கிடையாதா?

பதில்: கிடையாதும்மா. அந்த 1998 யு.எஸ். மகளிர் ஓப்பனில் நடந்தது. விஸ்கான்சினில் பிளாக்வுல்ஃப் ரன் மைதானம். 72 குழி ஆடியும் இருவர் சமநிலை, அதைத் தீர்க்க மறுபடி 18 குழி ஆடும் பிளே-ஆஃப். அதன் 18-வது குழி. பந்து தண்ணீரில் விழவில்லை. குளத்துக்கு மேலே சரிவில், புல்லில் சிக்கி நின்றது. வெளியே எடுத்து வைத்தால் ஒரு ஸ்ட்ரோக் (ஒரு அடி) கூடுதலாகக் கணக்கில் ஏறும். அங்கிருந்தே அடிக்கலாம், ஆனால் அன்றைய விதிப்படி அடிக்கும் முன் மட்டையைத் தரையில் ஊன்றக் கூடாது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு இறங்கினார். கால் வெயிலில் கறுத்திருக்க, கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைவெளேர் என்று இருந்தது. எத்தனை மணி நேரம் மைதானத்திலேயே கிடந்திருப்பார் என்று அதைப் பார்த்தாலே தெரியும். கொடியை நோக்கியெல்லாம் அடிக்கவில்லை, பந்தைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார், அவ்வளவுதான். அந்தக் குழியில் கிடைத்ததும் போகிதான் (குழிக்குக் குறித்த அடிகளைவிட ஒன்று கூடுதல்). எதிராளியும் போகி போட்டதால் தப்பித்தார். பிறகு சடன் டெத், அதாவது முதலில் ஒரு குழியில் முந்துபவரே வெற்றியாளர். இரண்டாவது குழியில் பாக்குக்குப் பேர்டி (குறித்ததைவிட ஓர் அடி குறைவு). மொத்தம் 92 குழிகள்!

கேள்வி: தோற்றவர் என்ன ஆனார்?

பதில்: ஜெனி சுவாசிரிபோர்ன். டியூக் பல்கலைக்கழக மாணவி, அமெச்சூர். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியில் சுமார் 40 அடி தூரத்திலிருந்து பட் போட்டுத்தான் (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி) பிளே-ஆஃபுக்கே வந்தார். தொழில்முறை ஆட்டம் அவருக்குக் கைகூடவில்லை. பின்னாளில் செவிலியர் ஆனார்.

கேள்வி: சார், உச்சத்தில் இருந்தவர் 2004-க்குப் பிறகு ஏன் காணாமல் போனார்? காயமா?

பதில்: காயமும் உண்டு, 2005-ல் விரலில். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எல்பிஜிஏ ஹால் ஆஃப் ஃபேமுக்கு 27 புள்ளி வேண்டும்: ஒரு வெற்றிக்கு 1, மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் வென்றால் 2, ஆண்டின் மிகக் குறைந்த சராசரி ஸ்கோருக்கான வேர் டிராஃபிக்கு 1. 2004 மே மாதம் தன் 22-வது வெற்றியோடு அந்தக் கணக்கை முடித்தார். பத்து வருடம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்ததால் 2007 வரை காத்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து துரத்திய இலக்கு 26 வயதிலேயே முடிந்துவிட்டது, அடுத்து என்ன? பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கட் தாண்டுவதே பாடாகிவிட்டது. (இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு பின்தங்கியவர்களைக் கழிப்பதுதான் கட். கழிந்தால் பரிசுப் பணமே இல்லை.) ஓய்வெடுக்கத் தனக்குத் தெரியவே இல்லை என்று அவரே பின்னாளில் சொன்னார். அவர் வாழ்க்கையில் நான் அதிகம் மதிப்பது 1998 அல்ல, இந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்ததைத்தான்.

கேள்வி: ஆண்களோடு ஆடியிருக்கிறாரா?

பதில்: 2003-ல் கொரியாவில் ஒரு தடவை. கட் தாண்டி முதல் பத்துக்குள் முடித்தார்.

கேள்வி: அண்ணா, நான் கோல்ஃபுக்குப் புதுசு. அவருடைய ஆட்டத்தில் ஒன்றே ஒன்று பார்க்கச் சொன்னால்?

பதில்: எல்லோரும் குளத்தைக் காட்டுவார்கள். நீங்கள் 2006 எல்பிஜிஏ சாம்பியன்ஷிப்பைத் தேடுங்கள். மேரிலாந்து, புல் ராக் மைதானம். ஆஸ்திரேலிய வீராங்கனை கேரி வெப்போடு பிளே-ஆஃப். குழியில் நிற்கும் கொடிக்கு 201 கெஜம், கையில் ஹைப்ரிட் என்ற வகை மட்டை. பந்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரை) உருண்டு குழிக்குச் சில அங்குலம் தள்ளி நின்றது. தட்டிவிட்டால் பேர்டி. அதுதான் அவருடைய ஐந்தாவது மேஜர்.