எதிர்ப்பும் ஆபத்தும் உள்ள ஊர்களில் பிரைடு பேரணி நடத்தலாமா?

தன்பாலீர்ப்பினரும் திருநர்களும் உரிமை கேட்டு நடத்தும் பிரைடு பேரணியைத் தைரியத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அடிக்க வரப்போவது யார் என்பதை முதலில் பாருங்கள். தெருவில் திரளும் கும்பலா, அரசேதானா? கும்பல் என்றால், குறுக்கே நிற்கப் போலீஸ் உண்மையிலேயே தயாரா? இது தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும். கூட்டம் கலைந்தபின் ஒவ்வொருவரும் எப்படிப் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார் என்பது மீதிப் பாதி.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் அங்கே நடந்த முதல் பேரணியில், கால்பந்து ரசிகர் கும்பல்களும் தேசியவாதிகளும் புகுந்து அடித்தபோது போலீஸ் மிகக் குறைவாகவே இருந்தது. 2010இல் ஏறக்குறைய 5,000 போலீசார் நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் போலீசார். ஆனாலும் பேரணி நடந்தது. அதே எதிர்ப்பு, அதே ஊர். அரசு காப்பாற்றத் தீர்மானித்ததுதான் வித்தியாசம். அடுத்த மூன்று ஆண்டுகளும் அரசே தடை போட்டது. 2014இல்தான் மறுபடி நடக்க முடிந்தது. அதனால் ஒரு முறை கிடைத்த பாதுகாப்பு அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள்.

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் டிபிலிசியில் 2021 ஜூலை 5 அன்று நடந்தது இதற்கு நேர் எதிர். கும்பல் அமைப்பாளர்களின் அலுவலகத்துக்குள் ஏறிக் கொடியைக் கிழித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் தாக்கப்பட்டார்கள். பேரணி ரத்தானது. போலீஸ் ஒதுங்கி நிற்கும் என்று தெரிந்தால் வெளியே வராமல் இருப்பதே சரி. அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அரசே எதிரி என்றால் கணக்கு முற்றிலும் வேறு. ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் 'சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்' என்ற ஒன்றையே தீவிரவாதம் என்று அறிவித்துவிட்டது. அங்கே பேரணி நடத்துவது, வழக்குப் போட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலை நாமே எழுதிக் கொடுப்பதுதான். வெளியிலிருந்து யாராவது 'துணிந்து இறங்குங்கள்' என்று தூண்டினால், சிறைக்குப் போகப்போவது தூண்டுபவர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவில் புடாபெஸ்ட் இருக்கிறது. 2025இல் ஹங்கேரி சட்டம் போட்டுப் பேரணிக்குத் தடை விதிக்க வழிசெய்தது. கலந்துகொள்பவருக்கு 2 லட்சம் ஃபோரின்ட் வரை அபராதம், அடையாளம் காண முக அறிதல் தொழில்நுட்பம். மாநகராட்சி அதைத் தன் சொந்த விழாவாக நடத்த முன்வந்தது. ஜூன் 28 அன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாக மதிப்பிட்டார்கள். தண்டனை அபராதமாக இருக்கும் இடத்தில், கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் தலைமேல் விழும் ஆபத்து குறைகிறது. தண்டனை அடியாகவோ சிறையாகவோ இருக்கும் இடத்தில் இந்தத் தர்க்கம் செல்லாது.

இனி நடைமுறை. நடத்துவது என்று முடிவானால், அதிக நேரத்தைக் கலையும் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். ஏனென்றால் அடி அங்கேதான் விழுகிறது. உக்ரைன் தலைநகர் கீவில் 2015 ஜூன் 6 அன்று ஊர்வலம் சில நூறு மீட்டர்தான். போலீஸ் வளையத்தை விட்டு வெளியேறிய பிறகும் சந்துகளிலும் குடியிருப்பு முற்றங்களிலும் துரத்தித் துரத்தி அடித்தார்கள். டிபிலிசியில் 2013 மே 17 அன்று ஆட்களை வெளியேற்றக் கொண்டுவந்த சிறு பேருந்துகளையே கும்பல் சூழ்ந்து கண்ணாடியை உடைத்தது. ஆகவே பாதையைத் தொடக்கத்திலிருந்து வரையாமல் முடிவிலிருந்து பின்னோக்கி வரையுங்கள். முடியும் இடம் மெட்ரோ நிலையமாக இருந்தால் நல்லது. முன்பே பேசிவைத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் மற்றவர்களுக்கு நுழைவாயிலை மூடி, ரயிலை ஒன்றிரண்டு நிலையங்கள் நிற்காமல் ஓட்ட முடியும். பேருந்து என்றால் போலீஸ் வளையத்துக்குள்ளேயே ஏற வேண்டும். எல்லோரையும் ஒரே இடத்தில் இறக்காமல் மூன்று நான்கு இடங்களில் பிரித்து இறக்குங்கள். யாரும் தனியாகப் போகக் கூடாது. இருவர் இருவராகப் போய், வீடு சேர்ந்ததும் ஒரே எண்ணுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். யாரிடமிருந்து செய்தி வரவில்லையோ அவரை அந்த எண்ணில் இருப்பவர் தேட வேண்டும். வானவில் நிறத்தில் எதுவும் மேலே தெரியாமல், மாற்றுச் சட்டையோடு வெளியேறுவது முக்கியம். கொடியையும் முகத்தில் பூசிய வண்ணத்தையும் வளையத்துக்குள்ளேயே விட்டுவிடுங்கள். முகம் துடைக்க ஈரத்துணியும் பெரிய குப்பைப் பைகளும் அமைப்பாளரிடம் இருக்கட்டும். இதை மறந்ததால் அடிபட்டவர்கள் பல ஊர்களில் உண்டு.

பாதை 500 மீட்டர் போதும். முந்தைய இரவே அதை நடந்து பார்த்து, கல், கட்டடக் கழிவு, குப்பைத்தொட்டி, நிறுத்திய வண்டி எல்லாவற்றையும் அகற்றச் சொல்லுங்கள். மேலே பால்கனியோ மேம்பாலமோ உள்ள பகுதியைத் தவிருங்கள். கூடும் இடத்தைப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சில மணி நேரம் முன்பு சொல்லுங்கள். இருபது பேருக்கு ஒரு தன்னார்வலராவது வேண்டும். அவர் வேலை முழக்கமிடுவதல்ல, வெளிப்பக்கம் பார்த்து நிற்பது.

மருத்துவத்தில் நாட்டுக்கு நாடு பழக்கம் மாறும். கண்ணீர்ப்புகை வரும் என்றால் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் வேண்டாம், கழுவச் சுத்தமான தண்ணீர் மட்டும். ரஷ்யா, உக்ரைன் பக்கம் பச்சை நிறக் கிருமிநாசினிச் சாயத்தை முகத்தில் வீசுவார்கள். அது கண்ணைப் புண்ணாக்கும், தோலில் பல நாள் போகாது. அந்த நிறமே பிறகு தெருவில் அடையாளம் காட்டிக் கொடுக்கும். கீவில் 2015இல் ஆணிகள் நிரப்பிய வெடிபொருள் பட்டு ஒரு போலீஸ்காரரின் கழுத்தில் பலத்த காயம். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த இருவராவது முன்வரிசைக்கு அருகில் இருக்க வேண்டும்.

ஃபோனில் விரல்ரேகை, முகத் திறப்பு இரண்டையும் அணைத்து நீளமான கடவுச்சொல் போடுங்கள். வழக்கறிஞர் எண்ணை அழியாத மையால் கையில் எழுதுங்கள், ஏனென்றால் ஃபோன்தான் முதலில் பறிபோகும். படம் பிடிக்கச் சம்மதிப்பவருக்கு ஒரு நிறக் கைப்பட்டை, சம்மதிக்காதவருக்கு வேறு நிறம் என்று கொடுத்துப் பத்திரிகையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையில் பெயரும் பாலினமும் பொருந்தாத திருநர்களைக் கைதானால் எங்கே அடைப்பார்கள் என்று வழக்கறிஞர் முன்பே கேட்டுவைக்க வேண்டும். இதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை.

தெரு ஆபத்து என்றதும் மண்டபத்துக்குள் போகலாம் என்பார்கள். நான்கு சுவரும் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. 2016 ஆகஸ்டில் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் ஓர் இரவு விடுதியில் நடந்த பிரைடு நிகழ்ச்சிக்குள் போலீஸ் நுழைந்தது. தப்பிக்க மேல்தளத்திலிருந்து குதித்தவர் பலத்த காயமடைந்தார். இரண்டு வெளிவாசல் இல்லாத இடத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அதே உகாண்டாவில் 2012இல் முதல் பிரைடு தலைநகரில் நடக்கவில்லை. என்டெப்பேயில், ஏரிக்கரைத் தாவரவியல் பூங்காவில் நடத்தினார்கள். பெரிய கூட்டம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1999இல் கொல்கத்தாவில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு அமலில் இருந்தபோதே 15 பேர்தான் நடந்தார்கள். பேரணி இல்லாமலும் வேலை நடக்கும். தடை உத்தரவை எழுத்தில் வாங்கி வழக்குப் போடலாம். மாஸ்கோ தடைகளுக்கு எதிராக 2010இலும், போலந்துத் தலைநகர் வார்சாவின் தடைக்கு எதிராக 2007இலும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணப்பமே போடாமல் விட்டிருந்தால் அந்த வழக்குகளே இல்லை.

முடிவெடுக்கும் உரிமை, அன்றிரவு அதே ஊரில் தூங்கப் போகிறவர்களுக்கு மட்டும். வெளிநாட்டு விருந்தினர்களும் தூதரகத்தினரும் பார்வையாளர்களாக வந்தால் போலீஸ் கொஞ்சம் அடக்கமாக நடக்கும். ஆனால் அவர்கள் முன்வரிசையில் நின்று படமெடுத்தால், 'இது அந்நியர் சதி' என்ற பிரசாரத்துக்குத் தீனி. ரத்து செய்யும் நிபந்தனைகளை ஒரு வாரம் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்: காலை ஆறு மணிக்குள் போலீஸ் பொறுப்பதிகாரி உறுதி தராவிட்டால் ரத்து, மெட்ரோ நுழைவாயில் மற்றவர்களுக்கு மூடப்படாவிட்டால் ரத்து. அன்று காலை உணர்ச்சி பொங்கும் நேரத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

செலவுக் கணக்கில் பேரணிக்குப் பிந்தைய வாரங்களையும் சேருங்கள். டிவியில் முகம் தெரிந்ததால் வீட்டைவிட்டுத் துரத்தப்படுபவருக்கு ஒரு மாத வாடகை, வேலை போனவருக்கு உதவி, ஜாமீன் தொகை, தங்க ரகசிய இடம். இதற்குப் பணம் சேரவில்லை என்றால் பேனருக்கும் மேடைக்கும் செலவழிக்காதீர்கள், அந்த ஆண்டு பேரணியைத் தள்ளிவையுங்கள்.