பாட்டில் சில்லுக்கும் செய்கூலி உண்டு

கைவேலை: வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில் பழைய கண்ணாடியில் நகை. பதில் சொல்பவர், மதுரை திருநகரில் சிறு பட்டறை நடத்தும் ‘பட்டறை அக்கா’.

அக்கா, வீட்டில் காலி பாட்டில்கள் சேர்ந்து கிடக்கின்றன. உடைத்து, கேஸ் அடுப்பில் உருக்கி டாலர் செய்யலாமா?
– வாசகி, திருமங்கலம்

வேண்டாம் அம்மா, அடுப்பைச் சமையலுக்கு விடுங்கள். சிறுவயதில் உடைந்த வளையல் துண்டுகளை விளக்குத் தீயில் வாட்டி வளைத்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிச் சங்கிலி செய்தோமே, அந்த நினைப்பில்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். வளையல் மெல்லிசு, சின்னச் சூட்டுக்கே இளகிவிடும். பாட்டில் கனத்த சரக்கு. துண்டோடு துண்டு உருகி ஒட்ட ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் வேண்டும். அடுப்பில் ஒரு பக்கம் சுட்டு விரியும்; மறுபக்கம் குளிர்ந்தபடி விரிய மறுக்கும். இந்த இழுபறியில் சில்லு வெடித்து முகத்தில் தெறிக்கும். மின் உலையே வைத்திருந்தாலும் உருக்குவதோடு வேலை முடிவதில்லை. 550 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வாங்கியவர் கழுத்தில் தொங்கும்போது விரிசல் விடும்.

உருக்காமலேயே நல்ல நகை செய்யலாம். பாட்டிலை ஊறவைத்து லேபிளை உரித்து, ஈரச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். பூச்சிமருந்து பாட்டிலைத் தொடவே வேண்டாம். அடிப்பாகம் கனம், கழுத்து வளைவு அதிகம். நடுப்பாகத்துச் சில்லுதான் தோட்டுக்கு அமையும். பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கும். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 120-ஆம் எண்ணில் தொடங்கி 220, 400, 600 என்று ஏறுங்கள். தட்டையான ஓட்டின் மேல் தாளை வைத்து, தண்ணீர் விட்டு, சில்லின் விளிம்பைச் சாய்த்துத் தேய்க்க வேண்டும். முதலில் கறகறவென்று சத்தம் வரும். விளிம்பில் சின்னப் பொக்குகள் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைப் பொக்கு முழுக்கப் போகும்வரை அடுத்த எண்ணுக்குத் தாவாதீர்கள். தாவினால் 600-இல் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. காய்ந்த கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. எனவே தேய்ப்பது எப்போதும் ஈரத்தில்தான். கலங்கிய தண்ணீரையும் தொட்டியில் தெளியவிட்டு, வண்டலைத் தாளில் வழித்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

துளையிட, வைரத்தூள் பதித்த ஊசி போட்ட சிறு டிரில் போதும். பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். தண்ணீரை வைத்துக்கொண்டு கரண்ட் வயரோடு விளையாட முடியாது. தட்டில் மரத்துண்டு வைத்து, மேலே சில்லை வைத்து, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பாதிவரை துளைத்தபின் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து துளையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து அழுத்தினால், ஊசி வெளியே வரும் இடம் பெயர்ந்துவிடும்.

பச்சை பாட்டிலையும் பழுப்பு பாட்டிலையும் சேர்த்து நண்பரின் மின் உலையில் உருக்கினேன். நன்றாக ஆறிய பிறகும் இரண்டும் சேர்ந்த கோட்டிலேயே விரிசல். ஏன்?
– வாசகர், உசிலம்பட்டி

பார்வைக்கு எல்லாம் பாட்டில்தான் தம்பி, ஆனால் சேர்மானம் ஆலைக்கு ஆலை மாறும். சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. அளவு ஒத்துவராத இரண்டை ஒட்டவைத்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நகைக்கு ஒரே பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கானா நாட்டில் க்ரோபோ மக்கள் பாட்டிலை இடித்துத் தூளாக்கிக் களிமண் அச்சில் நிரப்பிச் சூளையில் வைக்கிறார்கள். நடுவில் மரவள்ளி இலைக்காம்பைச் செருகிவிட்டால், சூட்டில் காம்பு எரிந்து கோக்கும் துளை தானாக அமைகிறது. நிறத்துக்கு வண்ணப்பொடியைத் தூளிலேயே கலந்துவிடுகிறார்கள். நம் ஊரிலும் மரவள்ளிக்குப் பஞ்சமில்லை, முயன்று பாருங்கள்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் கடை போட்டேன். ‘குப்பையில் கிடந்த பாட்டில் துண்டுக்கு 250 ரூபாயா?’ என்று கேட்டுவிட்டு நகர்கிறார்கள். விலையைக் குறைக்கட்டுமா அக்கா?
– வாசகி, மேலூர்

குறைக்காதீர்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் தங்கம் வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று பில்லில் ஏற்றினால் வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு வருபவர்கள்தான் இவர்கள். உங்கள் தோட்டில் சரக்கின் விலை ஒன்றுமில்லை, முழுக்கச் செய்கூலி. சேதாரமும் உண்டு: துளையிடும்போது உடைந்ததற்கு யார் காசு கொடுப்பது? செம்புக்கம்பி, கொக்கி, தேய்ந்துபோன தாள், ஊசி எல்லாவற்றையும் கூட்டுங்கள். தேய்த்த நேரத்துக்கு உங்கள் ஊர்த் தையல் கூலி என்ன வருமோ அதைச் சேருங்கள். உடைந்த கணக்கைத் தனியாக எழுதி மற்றவற்றின் மேல் பிரித்துப் போடுங்கள். 250-க்கு மேலேகூட வரலாம்.

கடையில் ஒரு தட்டில் தண்ணீரும் தாளும் வைத்து, கூட்டம் நிற்கும்போது தேய்த்துக் காட்டுங்கள். பேரம் பாதியாகிவிடும். ‘கண்ணாடியெல்லாம் நகையா’ என்பவர்களைக் கீழடிக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். அங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவற்றில் கண்ணாடி மணிகளும் இருக்கின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்து கடல் கடந்தும் அனுப்பியிருக்கிறார்கள். அதற்காக நீங்கள் ‘கீழடித் தோடு’ என்று அட்டை எழுதி மாட்டிவிட வேண்டாம், அது பொய்.

கண்ணாடித் தோடு போட்டாலே காது அரித்துப் புண்ணாகிறது. எனக்குக் கண்ணாடி ஆகாதோ?
– வாசகி, சோழவந்தான்

கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். காதுத் துளைக்குள் போவது கொக்கிதான். மலிவான கொக்கிகளில் நிக்கல் கலந்திருக்கும். பலருக்கு அதுதான் அரிப்பு. கொக்கியை மட்டும் கழற்றிவிட்டு 92.5 வெள்ளியில் மாற்றுங்கள். செய்தவரிடம் சொன்னால் குறடால் ஒரு நிமிடத்தில் மாற்றித் தருவார். புண் ஆறும்வரை எதையும் மாட்டாமல் இருங்கள்; நீர் வடிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.