ஆங்கிலத்தில் டிமைஸ் (demise) என்றால் மரணம்தானே? கடை வாடகைப் பத்திரத்தில் அது ஏன் வருகிறது?

உங்கள் பத்திரத்தில் இருக்கும் 'டிமைஸ்டு பிரெமிசஸ்' என்பதற்கு 'குத்தகைக்கு விடப்பட்ட இடம்' என்றுதான் பொருள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம்.

டிமைஸின் பழைய பொருளே கைமாற்றிக் கொடுப்பதுதான். பிரெஞ்சு வழியாக ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்து, நிலத்தையோ கட்டடத்தையோ குத்தகையாகவோ உயில் எழுதியோ இன்னொருவருக்குக் கொடுப்பதைக் குறித்தது. உயில் என்றால் சாவும் கூடவே வருமே, அப்படி ஒட்டிக்கொண்டதுதான் மரணம் என்ற பொருள். இதில் அரசர்களுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் மன்னர் இறந்த நொடியே கிரீடம் வாரிசுக்குப் போய்விடும். சட்டத்தில் அதற்குப் பெயர் 'டிமைஸ் ஆஃப் த கிரவுன்'. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் முடி துறந்தபோது நிறைவேற்றிய சட்டத்திலும் இதே சொற்கள்தான். அவரோ 1972 வரை உயிரோடு இருந்தார்! இந்தச் சொல்லை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கப்பல் தொழிலிலும் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. 'டிமைஸ் சார்ட்டர்' என்றால் கப்பலை மொத்தமாக வாடகைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுவது. மாலுமிகளையும் அவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், அமைப்போ வழக்கமோ முடிந்துபோவதற்கும் இது பொருந்தும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நின்றதை 'டிமைஸ் ஆஃப் த டெலிகிராம்' எனலாம். 'டவுன்ஃபால்' வேறு: உயரத்தில் இருந்தவர் சரிவது அது. பதவி போன அமைச்சருக்கு டவுன்ஃபால் பொருந்தும். தந்தி யாராலும் கவிழ்க்கப்படவில்லை, காலம் முடிந்து நின்றது.

நம் ஊர் அலுவலகச் சுற்றறிக்கைகளில் 'சேட் டிமைஸ்' (sad demise, துயரமான மறைவு) நிறைய வரும். அறிவிப்புக்கு அது சரி. ஆனால் அப்பாவை இழந்த நண்பருக்கு எழுதும்போது தயவுசெய்து அதைப் போடாதீர்கள், மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம் மாதிரி இருக்கும். 'டெத்', 'பாஸ்ட் அவே' போதும். 'ஹி டிமைஸ்டு' என்று வினையாக எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். வினையாக அந்தச் சொல் இன்று பெரும்பாலும் உங்கள் பத்திரம் மாதிரியான இடங்களில்தான் வருகிறது: உரிமையாளர் கடையை உங்களுக்கு 'டிமைஸ்' செய்கிறார், அவ்வளவுதான்.